கிழக்குப் பார்த்த குழாய்

அடுப்படி ஜன்னல் மறுபடியும் சாத்தியிருந்தது.

பெர்சி வாசற்படியிலேயே நின்றாள். காலையில் ஆராதனைக்குப் புறப்படும்போது அதன் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திரும்பி வந்து சேலை மாற்றி, கணவன் ஸ்டெபினுக்குச் சோறு போட வந்தபோது அது சாத்திக் கிடந்ததையும், தன் கையாலேயே மறுபடி திறந்ததையும் அவள் மறக்கவில்லை. இப்போது இரண்டு கதவுகளும் சட்டத்தோடு பொருந்தியிருந்தன. மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டிருந்தன.

காற்று ஜன்னலைச் சாத்தும். தாழ்ப்பாள் போடாது.

வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. கடலில் தாழ்வு மண்டலம் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உப்பளங்களைத் தாண்டி வந்த கொண்டல் காற்று ஈரச்சேறும் உப்பும் கலந்த ஒரு வாடையை வீடு முழுக்கப் பரப்பிவிட்டு, கூரையில் எதையோ தட்டிப் பார்த்து, அடங்கி, மறுபடி தட்டியது. மூலையில் பெல்லட் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இடுப்பளவு உயரமான கறுப்பு இரும்புப் பெட்டி. மேலே உள்ள தொட்டியிலிருந்து மரத்தூளை அழுத்திச் செய்த சுண்டுவிரல் நீளக் குச்சிகள் ஒவ்வொன்றாக நெருப்புக் கிண்ணத்தில் விழும் சத்தம், யாரோ நகத்தால் மேசையைச் சுண்டுவது போல, டிக், டிக் என்று கேட்டது. பின்னாலிருந்த காற்றாடி ஒரே சுருதியில் முனகியது. அடுப்பின் தலையில் இருந்த தகரப் பெட்டிக்குள் மக்ரூன்கள் அடுக்கடுக்காக உலர்ந்தன. முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் மெல்லிய சூட்டில் இறுகுகிற மணம்.

அதோடு இன்னொரு மணமும் இருந்தது. கிராம்புத் தைலம்.

பெர்சி தாழ்ப்பாள்களை நீக்கி ஜன்னலைத் திறந்தாள். அவர்கள் வீட்டில் கிராம்புத் தைலம் கிடையாது.

படுக்கையறையிலிருந்து ஸ்டெபினின் குரல் வந்தது. கட்டிலில் சாய்ந்தபடி தன்னிடம் அடுப்பு வாங்கிய யாரோ வாடிக்கையாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஏரலில் இருந்து ஒரு மிட்டாய்க் கடைக்காரர் என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தான்.

"அண்ணாச்சி, செவத்தோட ஒட்டி வைக்காதிய. ஒரு முழமாவது தள்ளி நிக்கணும்... ஆமா. குழாய் கூரைக்கு மேல நேரா ஏறணும். சும்மா செவத்துல ஓட்டை போட்டு வெளிய நீட்டிட்டா போதும்னு நெனைக்காதிய, காத்து திரும்புச்சுன்னா எல்லாம் உள்ளதான் வரும்... சாம்பலா? இரும்பு வாளியில அள்ளுங்க. பிளாஸ்டிக் வாளியில கொட்டிட்டு எனக்குப் போன் போட்டியன்னா, நான் என்ன ஃபயர் சர்வீஸா?" சிரித்தான். பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "புகையே இல்லாத அடுப்புன்னு சொல்லிட்டு குழாய் எதுக்குன்னு கேக்கியளா? நல்ல கேள்வி. புகைன்னா கண்ணுக்குத் தெரியும் அண்ணாச்சி, ஆளு எந்திரிச்சு ஓடிருவான். இதுல வாரது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்குனவன் தூங்குனபடியே போயிருவான்."

பெர்சி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கரண்டி கையிலேயே நின்றது.

எவ்வளவு சரளமாகச் சொல்கிறான். எல்லாம் தெரிந்திருக்கிறது.

"ஏளா பெர்சி, நான் செத்த நேரம் கண்ண மூடுதேன்," என்று உள்ளேயிருந்து கத்தினான். "யாராச்சும் வந்தா நான் இல்லன்னு சொல்லு."

கட்டில் முனகியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை தொடங்கிவிட்டது.

அந்த அடுப்பு முதலில் இருந்தது இந்த வீட்டில் அல்ல. தருவைகுளம் போகிற சாலையில், கடலுக்கு முகம் காட்டி நின்ற ஒரு வாடகை வீட்டில் அது அக்கா ஜெயஷீலாவுக்காக மாட்டப்பட்டது. கணவன் இறந்தபிறகு அக்கா தனியாக இருந்து மக்ரூன் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். மக்ரூனுக்கு இரவெல்லாம் இளஞ்சூடு வேண்டும். விறகில் அது நிற்காது, கேஸில் கட்டுப்படியாகாது. "மதினிக்கு நான் செஞ்சு தாரேன்" என்று ஸ்டெபின்தான் ஆடி மாதத்தில் கொண்டுபோய் மாட்டினான். ஆடியில் அங்கே கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து வந்து, மண்ணை வாரிக் கடலில் கொட்டிவிட்டுப் போகும் காற்று. அவன் கிழக்குச் சுவரைத் துளைத்து, குழாயை ஒரு சாண் வெளியே நீட்டி, அதோடு விட்டுவிட்டான். கச்சான் புகையை இழுத்துக்கொண்டு போனது. மேலே ஏறும் குழாயோ தொப்பியோ மூட்டுகளில் ஒட்டும் நாடாவோ எதுவும் போடவில்லை. "புகையில்லா அடுப்பு மதினி இது. புகையே இல்ல, அப்புறம் போறதுக்கு வழி எதுக்கு?" என்று சிரித்தான். அக்காவும் சிரித்தாள்.

ஐப்பசி பிறந்ததும் காற்று திரும்பியது. கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டல் நேராகக் குழாயின் வாய்க்குள் புகுந்தது. அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் பேசியதால் பெர்சிக்கும் கேட்டது. "மாப்பிள, ரெண்டு நாளா தலை இடிக்கி. கிராம்புத் தைலம் தேச்சாலும் போவல. அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு எரியுது." ஸ்டெபின் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "ஜன்னல சாத்துங்க மதினி. வெளிக்காத்துதான் அடுப்பக் கெடுக்குது."

அக்கா அன்று சொன்னபடி சாத்தினாள்.

மறுநாள் கதவை உடைத்து உள்ளே போனபோது அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செத்தவள் போலவே இல்லை. இரண்டு கன்னமும் உதடும் செக்கச் சிவந்து, திருவிழாவுக்குப் போய்விட்டு வெயிலில் நடந்து வந்து படுத்தவள் போல இருந்தாள். எழுப்பினால் எழுந்துவிடுவாள் என்று பெர்சி தோளைப் பிடித்து உலுக்கினாள். போலீஸ் வருமுன் ஸ்டெபின் வண்டியிலிருந்து நீளக் குழாயையும் தொப்பியையும் எடுத்து வந்து சுவரோரமாக மேலே ஏற்றிக் கட்டினான். "மதினி ஜன்னல சாத்திட்டுப் படுத்துட்டாங்க, நான் எத்தனையோ தடவ சொன்னேன் சார்" என்று வந்தவர்களிடம் சொன்னான். ஊரும் அதையே சொன்னது: படிச்சவதான், இருந்தாலும் கவனம் பத்தல.

அவன் குழாயைக் கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பெர்சி.

நல்ல பொருளை எதற்கு வீணாக்க வேண்டும் என்று அடக்கம் முடிந்ததும் அடுப்பை இங்கே கொண்டுவந்தான். இங்கே எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தான். கூரைக்கு மேலே போகும் குழாயும், மழை இறங்காத தொப்பியும் போட்டான். நச்சுக்காற்று வந்தால் அலறுகிற வெள்ளை அலாரம் ஒன்றைச் சுவரில் திருகினான். அவன் ஒவ்வொன்றாகப் பொருத்தியபோது பெர்சி பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க வயிற்றுக்குள் ஒன்று கனிந்து சிவந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காயல்பட்டினத்து ரஹ்மத்துன்னிஸா குடையை மடக்கியபடி முன்னறைக்குள் வந்தாள். மகன் நாளைக்குத் துபாய் போகிறான், இரண்டு டப்பா மக்ரூன் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"என்ன மழ, அல்லாவே! மக்ரூன் நமுத்துப் போவாதே?"

"எங்க மக்ரூன் நமுத்துச்சுன்னா கடல்ல தூக்கிப் போடுங்க," என்றாள் பெர்சி. சிரிக்க முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கடல்ல போட்டா மீனுக்குச் சீனி வியாதி வந்துரும், போங்க." ரஹ்மத்துன்னிஸா டப்பாக்களைப் பையில் வைத்தாள். பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உள்ள ஒத்தாசைக்கு ஆளு வச்சிருக்கியளோ? உங்க கூடப் பொறந்த ராத்தாவா? சாடை அப்படியே இருக்கு."

"யாரு?"

"அடுப்படி ஜன்னல்ல நின்னாங்களே. ஆட்டோவுல வரும்போதே பாத்தேன். நல்ல நெறம். கன்னமெல்லாம் மருதாணி வச்ச மாதிரி. நான் கைய காட்டுறதுக்குள்ள ஜன்னல சாத்திட்டாங்க. மழைச்சாரல் அடிக்குதுல்ல, பாவம்."

பெர்சி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு நினைவில் இல்லை. ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அடுப்படிக்குப் போக வேண்டியிருந்தது. நெருப்பு எரிகிறது. தட்டுகள் உள்ளே இருக்கின்றன. ஸ்டெபின் அடுத்த அறையில் தூங்குகிறான். இந்த மூன்றையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி நடந்தாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதை எதிர்பார்த்தே வந்தாள். எதிர்பார்க்காதது அடுப்பு. ஒரு முழம் தள்ளி நின்ற அடுப்பு இப்போது சுவரோடு முதுகு ஒட்டி நின்றது. தரையில் நான்கு கால்களும் இழுபட்ட கோடுகள் வெள்ளையாக ஓடின. இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கிய இரும்பு அது. நெருப்பு அணையவில்லை. டிக். டிக். அலாரத்தின் மூடி திறந்து தொங்கியது. அதற்குள் இருக்க வேண்டிய இரண்டு பேட்டரிகளும் சமையல் மேடையில், கழுவித் துடைத்த ஸ்பூன்கள் போல, பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

அக்கா எதையும் அப்படித்தான் வைப்பாள்.

பெர்சி பேட்டரிகளை எடுத்தாள். ஒன்று நழுவி விழுந்து அடுப்புக்கு அடியில் உருண்டது. அப்போது கூரைக்கு மேலே சத்தம் கேட்டது. இரும்போடு இரும்பு உரசித் திருகுகிற சத்தம். ஒரு மூட்டு கழன்றது. கொஞ்சம் பொறுத்து அடுத்தது. அவசரம் இல்லாத, வேலை தெரிந்த கைகளின் சத்தம்.

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடினாள். மழை முகத்தில் அறைந்தது. வேளை ஆகாமலே வானம் இருட்டியிருந்தது. தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கி விளக்குகள் சாம்பல் நிறத்தில் கரைந்து தெரிந்தன. கண்களைத் துடைத்துவிட்டு மேலே பார்த்தாள். கூரையில் குழாய் இல்லை. தொப்பி இல்லை. குழாய் நின்ற இடத்தில் ஒரு வட்டமான ஓட்டை. அதன்மேல் ஓர் ஓடு ஒழுங்காகக் கவிழ்த்து மூடியிருந்தது, மழை இறங்காமல்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

சர்ர்ர்.

ஒட்டுநாடாவைச் சுருளிலிருந்து இழுக்கும் சத்தம். பிறகு பல்லால் கடித்து அறுக்கிற சின்ன இடைவெளி. மறுபடியும் சர்ர்ர்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் பயம். அக்கா அடுப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே போனபோது அடுப்படியில் யாரும் இல்லை. குழாய் இருந்தது. அடுப்பின் முதுகிலிருந்து எழும்பி, முழங்கை வளைவு போட்டு, நடுச்சுவரின் உச்சிக்கு ஏறியிருந்தது. அந்தச் சுவரில் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் பொதுவாக ஒரு காற்றுத்துளை உண்டு. ஏசி வைத்தபோது ஸ்டெபின் அதை அட்டை வைத்து அடைத்திருந்தான். அட்டை இப்போது தரையில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. குழாயின் வாய் துளைக்குள் நுழைந்திருந்தது. சுற்றிலும் வெள்ளி நிற நாடா, ஒரு சுருக்கம் இல்லாமல். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சுற்று. எங்கேயும் கசியாது. அக்கா வீட்டில் அவன் ஒட்டாமல் விட்ட நாடா.

இவ்வளவு சுத்தமாக எந்த அடுப்பையும் ஸ்டெபின் மாட்டியதில்லை.

காற்றாடி முனகியது. டிக். டிக்.

பெர்சி ஓடினாள். கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக் கதவுக்கு. கதவு சாத்தியிருந்தது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளை அவர்கள் ஒருநாளும் போட்டதில்லை; துருவேறி அசையாமல் கிடந்த ஒன்று. இப்போது எண்ணெய் விட்டது போல வழுவழுவென்று உள்ளே போயிருந்தது.

"ஏளா..."

உள்ளேயிருந்து ஸ்டெபின். குரல் தடித்திருந்தது, குடித்தவன் குரல் போல.

"ஏளா பெர்சி... தலை இடிக்கி. என்னமோ மாதிரி வருது. ஜன்னல... காத்து வரல."

அந்த அறையின் ஜன்னல் திறக்காது. குளிர் வெளியே போகாதிருக்க அவனே முழுக் கண்ணாடி வைத்து அடைத்த ஜன்னல்.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

மெலிந்த கை. நகக்கண்களில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் காய்ந்து வெண்மையாக ஒட்டியிருந்தன. பெர்சி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பத் தேவையில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து கிராம்புத் தைலத்தின் காரம் மூக்கில் ஏறியது. மூச்சு மட்டும் இல்லை. அவ்வளவு பக்கத்தில் ஒருத்தி நின்றும் கழுத்தில் மூச்சு படவில்லை.

அந்தக் கை அழுத்தவில்லை. தடுக்கவும் இல்லை. தாழ்ப்பாளின் மேல் சும்மா கிடந்தது. நினைத்தால் நீக்கிவிடலாம். விரல் நுனியால் தள்ளினால் போதும். அதுதான் பெர்சியை எல்லாவற்றையும்விட நடுங்க வைத்தது.

உள்ளே ஏதோ விழுந்தது. செம்பு. தண்ணீர் கதவின் அடியால் கசிந்து அவள் பாதத்தை நனைத்தது.

"பெர்சி! தொறளா! ஏய்!"

எத்தனையோ தடவ சொன்னேன் சார்.

"பெர்சி..."

படிச்சவதான், இருந்தாலும் கவனம் பத்தல.

அன்று அக்கா வீட்டில் அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அன்று முழுவதும் நின்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும்.

காதருகில் அக்காவின் குரல். கோபமே இல்லாத குரல். சின்ன வயதில் வீட்டு வேலையைப் பங்கு பிரிக்கிற அதே குரல்.

"வாசல்ல ஆளு வந்திருக்குளா. நீ போய்ப் பாரு. இத நான் பாத்துக்கிடுதேன்."

பெர்சி கையை எடுத்தாள்.

வாசலில் உண்மையாகவே ஆட்கள் வந்திருந்தார்கள். சபையின் வாலிபர் சங்கத்துக் கேரல் குழு. மழை இரவில் வலுக்கும் என்று பயந்து பொழுது சாயுமுன்னே கிளம்பியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட டிரம், நனைந்த பஞ்சுத் தாடியோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, குடைகளுக்கு அடியில் ஏழெட்டுப் பெண்கள். முன்னால் நின்ற பெனிஸ்டன், குழுவின் தலைவன், அவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தோத்திரம்க்கா! முத வீடே உங்க வீடுதான். அண்ணன் எங்க?"

பெர்சி படியிறங்கி மழையில் வந்து நின்றாள்.

"தூங்குதாங்க," என்றாள்.

"அப்ப எழுப்பிருவோம்! ஏலே, நல்லா அடிங்கலே!"

டிரம் அதிர்ந்தது. பெண்கள் பாடத் தொடங்கினார்கள். தாத்தா சகதியில் குதித்துக் குதித்து ஆடினார். சத்தத்தில் தெரு நாய்கள் ஓடின. வீட்டின் பக்கவாட்டில் படுக்கையறையின் பெரிய கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. அதன் பின்னால் ஸ்டெபின் வந்து நின்றான். முகம் செக்கச் சிவந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அடித்தான். வாய் திறந்து மூடியது. டிரம் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

"அன்னா, அண்ணன் எந்திரிச்சிட்டாங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். "கைய ஆட்டுதாங்க!"

"பக்கத்துல யாரு, அத்தையா?" என்றாள் இன்னொருத்தி.

கேரல் குழு மொத்தமும் திரும்பி, பாட்டை நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக் கையாட்டியது. உள்ளங்கைகள் கண்ணாடியில் வேகமாக அடித்தன. பிறகு மெதுவாக. அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நிதானமாக மேலே எழும்பி, அவர்களுக்குப் பதில் மரியாதை செய்வது போல, இப்படியும் அப்படியும் அசைந்தது.

பெர்சியும் கையைத் தூக்கி ஆட்டினாள்.